பாரம் இழுக்கும் வண்டிக்கு எஞ்சின் கண்காணிப்புக் கருவி

டிராக்டரும் டிரெயிலரும் சொந்தமாக வைத்திருக்கும் சங்கங்களின் நிர்வாகக் குழுக்களில் எழக்கூடிய கேள்வி ஒன்றை இம்மாதம் எடுத்துக்கொள்கிறோம். டாஷ்போர்டில் பொருத்தினால் எஞ்சினின் உஷ்ணத்தையும் பிற விவரங்களையும் எண்களாகக் காட்டும் சிறு கருவிகள் இப்பொழுது கடைகளில் கிடைக்கின்றன. சில நூறு ரூபாயிலும் உண்டு; பல ஆயிரம் ரூபாயிலும் உண்டு. இவற்றுள் ஒன்றை வாங்குவது அங்கத்தினர்களின் பணத்தை நல்வழியில் செலவிடுவதாகுமா, வாங்குவதாயின் எதை வாங்குவது என்பதே கேள்வி. நூல் பேல்களையும் ஜவுளியையும் ஏற்றிச் செல்லும் நெசவாளர் சங்கத்துக்கும், கரும்பும் மஞ்சளும் பருத்தியும் இழுக்கும் விவசாயிகள் சங்கத்துக்கும் இக்கேள்வி பொதுவானதே.

வண்டியோடு வந்த முள் இருக்கையில் மற்றொன்று எதற்கு என்று கேட்பது நியாயம். அந்த முள் எவ்வாறு வேலை செய்கிறது என்பதை அறிந்தால் விடை தானே கிடைக்கும். எஞ்சினுக்குள் சுற்றி வரும் நீரின் உஷ்ணம் ஏற்ற இறக்கங்களுக்குத் தக்கபடி ஓயாது மாறிக்கொண்டே இருக்கும். முள்ளும் அவ்வாறே ஆடினால் வண்டியை வாங்கியவர் கலக்கமுற்றுப் பணிமனைக்கு ஓடி வருவார் என்று கருதி, தயாரிப்பாளர் பலர் முள்ளை வேண்டுமென்றே மந்தமாக்கி வைத்துள்ளனர். இத்தகைய வண்டிகளில் நீர் 80 டிகிரி சென்டிகிரேடை எட்டியதும் முள் நடுவில் வந்து நிற்கும். 85 ஆனாலும், 95 ஆனாலும், 100ஐத் தாண்டினாலும் நடுவிலேயே நிற்கும். அதன் பிறகு அது நகரத் தொடங்கினால் சிவப்புக் கோட்டை எட்ட அதிக நேரம் பிடிப்பதில்லை. சில புதிய வண்டிகளில் முள்ளே இல்லை. குளிர்ந்த எஞ்சினுக்கு நீல விளக்கு, கொதிக்கும் எஞ்சினுக்குச் சிவப்பு விளக்கு, இடையில் ஒன்றுமில்லை. தனி ஒருவர் ஊருக்குள் ஓட்டும் காருக்கு இது போதும். பின்னால் பாரம் கட்டி மேட்டில் ஏறும் வண்டிக்குப் போதாது என்பது எமது அபிப்பிராயம்.

ஏன் போதாது? டீசலின் உஷ்ண சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே சக்கரத்தைச் சுழற்றும் வேலையாகிறது. மற்றொரு பங்கு புகையோடு போகிறது. எஞ்சிய பங்கில் பெரும்பகுதியை ரேடியேட்டர் வெளியேற்றியாக வேண்டும். சமதரையில் வெறும் வண்டி ஓடும்பொழுது எரியும் டீசல் குறைவு, முகத்தில் மோதும் காற்று அதிகம். மேட்டில் இரண்டும் தலைகீழாக மாறிவிடுகின்றன. சத்தியமங்கலத்தை அடுத்த பண்ணாரியிலிருந்து திம்பம் வரை உள்ள 27 கொண்டை ஊசி வளைவுகளில் பாரத்தோடு ஏறும் வண்டியை நினைத்துப் பாருங்கள். எஞ்சின் முழுச் சக்தியோடு முனகுகிறது. வண்டியோ நடக்கும் வேகத்துக்குச் சற்றே கூடுதலாக நகர்கிறது. ரேடியேட்டருக்கு விசிறிக் காற்று ஒன்றே கதி. இத்தகைய வேளையில் 92லிருந்து 96, 96லிருந்து 101 என்று எண் ஏறுவதைக் காண்பவருக்கு இன்னும் சில நிமிஷ அவகாசம் உண்டு. விளக்கு எரிவதற்காகக் காத்திருப்பவருக்கு அது இல்லை.

இவ்விடத்தில் நீரின் கொதிநிலையைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். கடல் மட்டத்தில் திறந்த பாத்திரத்தில் நீர் 100 டிகிரியில் கொதிக்கிறது. ரேடியேட்டர் மூடியிலுள்ள ஸ்பிரிங் ஏறக்குறைய ஒரு வளிமண்டல அளவு அழுத்தத்தை உள்ளே தேக்கி வைப்பதால், அங்கே நீர் கொதிப்பது சுமார் 120 டிகிரியில். பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்திருந்தால் இன்னும் எட்டு ஒன்பது டிகிரி கூடும். ஆனால் மூடியின் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தால் இத்தனை பாதுகாப்பும் போய்விடும். சமவெளியில் 100 டிகிரியிலும், உயரம் ஏற ஏற அதற்கும் குறைவிலும் கொதிக்கத் தொடங்கும். ஆயிரம் மீட்டர் உயரத்தில் மூன்று டிகிரி போலக் குறையும், உதகமண்டலத்தில் 92 அல்லது 93 தான். ஆகவே ஒரே எண் ஒரு வண்டிக்குப் பத்திரமாகவும் மற்றொரு வண்டிக்கு ஆபத்தாகவும் இருக்கக்கூடும். ஆயிரக்கணக்கில் கொடுத்துக் கருவி வாங்கும் சங்கம், அதற்கு முன்பு சில நூறு ரூபாய் செலவில் மூடியை மாற்றிவிடுவது நலம். இதைச் சொல்லும் வியாபாரி அரிது.

இனி எவ்வகைக் கருவி என்பதைப் பார்ப்போம். அது வண்டியின் வயதையும் இனத்தையும் பொறுத்தது. அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டு மாடலிலிருந்து கார்களில் ஒரே வகையான பதினாறு துளைச் சொருகி கட்டாயமாக்கப்பட்டது. எஞ்சினை ஆளும் கணினி அறிந்த செய்திகளை அதன் வழியாக வெளியிலிருந்து படிக்கலாம். நம் நாட்டில் பாரத் ஸ்டேஜ் 4 விதிகளோடு 2010 முதல் இம்முறை படிப்படியாக வந்தது. 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 நாடெங்கும் அமலாகியது. ஆகையால் அண்மையில் வாங்கிய பிக்-அப் வண்டியாயின் ஸ்டீயரிங்குக்குக் கீழே கைக்கெட்டும் தூரத்தில் இச்சொருகி இருக்கும். அதில் செருகிப் படிக்கும் கருவியே அதற்கு எளிது.

டிராக்டரின் கதை வேறு. 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி 1 முதல் கடுமையான புகை விதிகள் வந்தமையால் அவற்றில் கணினி புகுந்துள்ளது. அதற்குக் கீழ்ப்பட்டவற்றுள் பெரும்பாலானவை இன்னும் பழைய முறை டீசல் பம்பு உடையவையே. அவற்றில் படிப்பதற்குக் கணினியே கிடையாது. கார் சொருகிக்கான கருவியை இத்தகைய டிராக்டருக்கென்று வாங்கினால் பயனில்லை. கணினியுள்ள பெரிய டிராக்டரிலும் சொருகியின் வடிவமும் அது பேசும் பாஷையும் காரினுடையதாக இராமல், கனரக வண்டிகளின் முறையாக இருக்கக்கூடும். 24 வோல்ட் லாரிகளின் விஷயமும் இதுவே. 12 வோல்ட்டுக்கென்று செய்த கருவியை அங்கே செருகுவது கருவியைக் கொல்வதாகும்.

பழைய டிராக்டருக்கு ஏற்றவை தனி மீட்டர்கள். நீர் உஷ்ணத்துக்கு ஒன்று, ஆயில் அழுத்தத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் எஞ்சினில் திருகப்படும் சென்சாரும் டாஷ்போர்டில் டயலும் உண்டு. இவற்றை வாங்கும்பொழுது ஒன்றை மறவாதிருக்க வேண்டும்: சென்சாரும் டயலும் ஒரே தயாரிப்பாளருடையவையாக, ஒன்றுக்கொன்று என்றே செய்யப்பட்டவையாக இருத்தல் வேண்டும். ஒரு கடையில் டயலும் மற்றொரு கடையில் சென்சாரும் வாங்கி இணைத்தால் முள் ஆடும். ஆனால் பொய் சொல்லும். ஒற்றைக் கம்பி உடைய சென்சாரின் மரையில் வெள்ளை டேப்பைத் தாராளமாகச் சுற்றும் வழக்கமும் கெடுதலே. அச்சென்சாருக்கு எர்த் கிடைப்பது மரையின் வழியாகத்தான். மின்சாரமே வேண்டாத, நீண்ட செம்புக் குழாய் உடைய பழைய மாதிரி டயல்களும் கிடைக்கின்றன. குழாயை மடிக்காமலும் நசுக்காமலும் பொருத்தினால் அவை நெடுங்காலம் உழைக்கும். நாட்டுப்புறத்து டிராக்டருக்கு அவை இழிவானவை என்று நாம் எண்ணவில்லை.

என்னென்ன காட்ட வேண்டும் என்பதில்தான் விளம்பரங்கள் மயக்குகின்றன. ஐம்பது விவரம் காட்டும், நூறு விவரம் காட்டும் என்கிறார்கள். ஓட்டுபவர் ஒரு பார்வையில் கொள்ளக்கூடியவை மூன்று நான்குதான்.

முதலாவது நீரின் உஷ்ணம். அதைப் பற்றிச் சொன்னோம். அடுத்தது ஆயில் அழுத்தம். டாஷ்போர்டிலுள்ள ஆயில் விளக்கு பெரும்பாலும் அழுத்தம் அரை வளிமண்டலத்துக்கும் கீழே இறங்கிய பிறகே எரியும். பாரம் இழுக்கும் வேகத்தில் பேரிங்குகளுக்கு வேண்டிய அழுத்தமோ அதைப் போலப் பல மடங்கு. விளக்கு எரியும் வேளையில் தேய்மானம் தொடங்கி நெடுநேரமாகியிருக்கும். இங்கே வாங்குவோர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பதினாறு துளைச் சொருகியின் பொதுப் பட்டியலில் நீர் உஷ்ணம், எஞ்சின் வேகம், எஞ்சின் மேலுள்ள பாரம், உள்ளே செல்லும் காற்றின் உஷ்ணம் ஆகியவை உள்ளன. ஆயில் அழுத்தம் இல்லை. தயாரிப்பாளர் தமக்கென வைத்துள்ள தனிப் பட்டியலில் இருந்தால் உண்டு, இல்லாவிடில் இல்லை. ஆட்டோமாட்டிக் கியர்ப்பெட்டி ஆயிலின் உஷ்ணமும் அவ்வாறே. நமது சங்க வண்டிகளில் கையால் மாற்றும் கியரே வழக்கமாதலால் அதை விட்டுவிடலாம்.

மூன்றாவது பாட்டரி வோல்ட்டு. இது அற்பமாகத் தோன்றும். நின்ற நிலையில் நல்ல பாட்டரி 12.6 வோல்ட் அளவில் இருக்கும். எஞ்சின் ஓடுகையில் 13.8 முதல் 14.4 வரை ஏறும். டிராக்டர்களிலும் பல பழைய வண்டிகளிலும் டைனமோவையும் நீர்ப் பம்பையும் சுழற்றுவது ஒரே பெல்ட்டு. ஆகவே வோல்ட்டு சட்டென்று 12க்கு இறங்கி, உஷ்ணமும் ஏறத் தொடங்கினால், பெல்ட்டு அறுந்துவிட்டது என்று இறங்கிப் பார்க்காமலே சொல்லிவிடலாம். தனித்தனியே எச்சரிக்காத இரண்டு எண்கள் சேர்ந்து ஒரு செய்தியைச் சொல்கின்றன.

டர்போ உள்ள டீசல் எஞ்சினில் புகையின் உஷ்ணத்தையும் அளக்க வேண்டும் என்று சிலர் வற்புறுத்துகின்றனர். மேலை நாடுகளில் பெரிய டிரெயிலர் இழுப்போரிடம் இவ்வழக்கம் மிகுதி. டர்போவுக்கு முன்புறம் சுமார் 700 டிகிரிக்கு மேல் நெடுநேரம் நிற்கவிடலாகாது என்பது அவர்கள் கொண்டுள்ள விதி. அலுமினியம் 660 டிகிரியில் உருகும் உலோகமாயிற்றே, பிஸ்டன் எவ்வாறு தாங்குகிறது என்று கேட்கலாம். ஒவ்வொரு முறையும் புதுக்காற்று வந்து அதைக் குளிர்விப்பதாலும், அடியிலிருந்து ஆயில் குளிர்விப்பதாலும் தாங்குகிறது. இந்த அளவிக்குப் புகைக்குழாயில் துளையிட வேண்டும். இரும்புத் துகள் ஒன்று உள்ளே விழுந்தாலும் டர்போவின் சிறகு போய்விடும். ஆதலால் குழாயைக் கழற்றி வைத்தே துளையிட வேண்டும். டீசல் பம்பைத் திருகிச் சக்தி கூட்டாத வண்டிக்கு இச்செலவு அநாவசியம் என்றே கருதுகிறோம். சக்தி கூட்டிய வண்டியோ சங்கத்தில் இருக்கவே கூடாது.

பாரத் ஸ்டேஜ் 6 டீசல் வண்டிகளுக்கு மட்டும் உரிய ஒன்று, கரி வடிகட்டியைப் பற்றிய செய்தி. புகையிலுள்ள கரியைப் பிடித்து வைக்கும் இவ்வடிகட்டி, நிறைந்ததும் சுமார் 600 டிகிரிக்குச் சூடாக்கப்பட்டுத் தன்னிலுள்ள கரியை எரித்துத் துப்புரவாகிறது. எரியும் வேளையில் எஞ்சினை நிறுத்திவிட்டால் அவ்வேலை பாதியில் நிற்கும். பலமுறை அவ்வாறு நேர்ந்தால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். அதற்கென ஊற்றப்படும் டீசலில் ஒரு பகுதி எஞ்சின் ஆயிலோடும் கலக்கும். சங்கத்திலிருந்து சந்தைக்கும் சந்தையிலிருந்து கிடங்குக்கும் சிறு தூரங்கள் ஓடும் வண்டிக்கு இவ்வாபத்து அதிகம். எரிப்பு நடைபெறுகிறது என்று காட்டும் கருவி இருந்தால், ஓட்டுபவர் கால் மணி நேரம் கூடுதலாக ஓட்டி அதை முடித்துவிடலாம். விவசாயிகள் கவனிக்க வேண்டியது மற்றொன்றும் உண்டு: அந்த நேரத்தில் காய்ந்த வைக்கோல் மீதோ சருகு மீதோ வண்டியை நிறுத்தினால் அடியிலுள்ள உஷ்ணத்தில் தீப்பிடிக்கக்கூடும். களத்தருகே வண்டி நிறுத்துவோருக்கு இது வேடிக்கையன்று. இச்செய்தியும் தயாரிப்பாளரின் தனிப் பட்டியலில் இருப்பதே. ஆகையால் "எங்கள் வண்டியின் இந்த மாடலில், இந்த ஆண்டு வண்டியில் இதைக் காட்டுமா?" என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

கருவியின் உருவைப் பற்றி. வண்ண வண்ணமாகப் படம் காட்டுவதைவிடப் பெரிய எழுத்தில் எண் காட்டுவது மேல். மேற்கூரையற்ற டிராக்டரில் நடுப்பகல் வெயிலில் தெரிகிறதா என்று வெளியே எடுத்துச் சென்று பார்க்க வேண்டும். கடைக்குள் எல்லாம் பளிச்சென்றுதான் தெரியும். எச்சரிக்கை எல்லையை நாமே அமைத்துக்கொள்ளும் வசதி அவசியம். மணி ஒலிக்கும் கருவியாயின் டிராக்டரின் இரைச்சலில் அது காதில் விழுமா என்பது கேள்வி. விழாதெனில் கண்ணெதிரே பெரிய சிவப்பு விளக்கு இணைக்கக்கூடியதாக இருக்க வேண்டும். அமெரிக்கச் சந்தைக்கென்று செய்தவை பாரன்ஹீட் அளவில் காட்டும். 212 என்று கண்டு ஓட்டுபவர் அஞ்ச நேரிடும். சென்டிகிரேடுக்கு மாற்றிவைக்க வேண்டும்.

சொருகியில் செருகிக் கைப்பேசியில் பார்க்கும் மலிவான சிறு பெட்டிகளும் உண்டு. மெக்கானிக்குக்கு அவை பிரயோஜனமானவை. அன்றாட ஓட்டத்துக்கு அவற்றைச் சங்கம் நம்பலாகாது. அழைப்பு வந்தால் எண் மறையும். வெயிலில் கைப்பேசி தானே சூடாகி அணையும். மறுநாள் வேறு டிரைவர் வந்தால் கைப்பேசியே இராது. கருவி வண்டிக்கு உரியதாக வண்டியிலேயே இருக்க வேண்டும். இவற்றுள் போலிகளும் மிகுதி. மேலே அச்சிட்ட பதிப்பெண்ணுக்கும் உள்ளே உள்ள திறனுக்கும் சம்பந்தமிராது. மேலும், அச்சொருகியின் பதினாறாவது துளையில் சாவியை எடுத்த பின்னும் பாட்டரி மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். தானே உறங்கத் தெரியாத கருவியைச் செருகியபடி வண்டியைப் பல நாள் நிறுத்தினால், அறுவடை முடிந்து எடுக்க வருகையில் பாட்டரி காலியாக இருக்கும்.

இத்தனையும் பார்த்து வாங்கிய பின்னரும், கருவிக்குக் குருட்டுப் புள்ளி ஒன்று உண்டு. அதை மறைப்பது முறையாகாது. நீர் உஷ்ணத்தை அளக்கும் சென்சார் நீரில் மூழ்கியிருக்கும் வரையில்தான் மெய் சொல்லும். ஹோஸ் வெடித்து நீர் முழுவதும் கொட்டிவிட்டால் சென்சார் வெறும் காற்றில் நிற்கும். எஞ்சின் தலைப்பகுதி வெந்துகொண்டிருக்க, எண் ஏறாமலோ, இறங்கியோ கூடக் காட்டும். சிவப்பு விளக்கும் எரியாது. ஹெட் வளைவதும், கேஸ்கட் போவதும், பிஸ்டன் பிடித்துக்கொள்வதும் பல வண்டிகளில் இவ்வாறே நேர்கின்றன. ஏறும் மேட்டில் எண் திடீரென்று இறங்கினால் மகிழ்ச்சி கொள்ளாமல் ஓரங்கட்டிப் பார்க்க வேண்டும் என்பதை ஒவ்வொரு டிரைவருக்கும் சொல்லி வைக்க வேண்டும். இதற்குப் பரிகாரம் இரண்டு. ஒன்று, நீர் மட்டம் குறைந்தால் ஒலிக்கும் தனிச் சென்சார். மற்றொன்று, எஞ்சின் ஹெட்டின் போல்ட் ஒன்றின் கீழ் வளையமாக மாட்டி உலோகத்தின் உஷ்ணத்தையே அளக்கும் சென்சார். வெகுதூரம் பாரம் இழுத்துச் செல்லும் ஆஸ்திரேலியர் இவ்வகையை விரும்பிப் பயன்படுத்துகின்றனர். உலோகம் எங்கும் ஓடிவிடாது. ஆதலால் நீர் போனாலும் அது உண்மை சொல்லும். பழைய டிராக்டருக்கும் புதிய வண்டிக்கும் பொருந்துவது இதன் மற்றொரு சிறப்பு. ஒன்றே வாங்கப் பணமுள்ள சங்கத்துக்கு நாம் இதைத்தான் சொல்வோம்.

பொருத்தியபின் முதல் ஒரு மாதம் எல்லை எதுவும் அமைக்காமல் குறிப்பு எழுதுவது நல்லது. வெறும் வண்டியாகச் சமதரையில் என்ன எண், பாரத்தோடு என்ன எண், வழக்கமான மேட்டின் உச்சியில் என்ன எண் என்று ஒரு நோட்டில் எழுதி வர வேண்டும். நீரை அளக்கும் கருவியாயின், நல்ல நிலையிலுள்ள வண்டி அம்மாதத்தில் கண்ட மிக உயர்ந்த எண்ணுக்கு ஏழெட்டு டிகிரி மேலே எச்சரிக்கை எல்லையை வைக்கலாம். உலோகத்தை அளக்கும் கருவிக்கு அதைவிடச் சற்றுக் கூடுதல் இடம் விட வேண்டும். நான்கு மாதம் கழித்து அதே மேட்டில் அதே பாரத்துக்கு ஐந்து டிகிரி கூடியிருந்தால், ரேடியேட்டரில் தூசி அடைந்திருக்கிறது, அல்லது தர்மாஸ்டாட் சரியாகத் திறக்கவில்லை என்று அப்பொழுதே தெரிந்துகொள்ளலாம். பருத்திப் பஞ்சும் நெல் உமியும் பறக்கும் இடங்களில் ஓடும் வண்டிகளுக்கு முதற்காரணமே பெரும்பாலும் பொருந்தும்.

எச்சரிக்கை ஒலித்தால் ஓட்டுபவர் கீழ்க்கியருக்கு மாற்றிக் காலைத் தளர்த்த வேண்டும். எஞ்சின் சற்று வேகமாகச் சுழல்வதால் பம்பும் விசிறியும் கூடுதலாக வேலை செய்யும். ஹீட்டர் உள்ள வண்டியாயின் அதை முழுவதும் திறந்துவிட்டால் அது ஒரு சிறு ரேடியேட்டராக உதவும். நமது கோடையில் டிரைவர் நம்மைச் சபிப்பார் என்பது வேறு. எண் இறங்காவிடில் பத்திரமான இடத்தில் நிறுத்திச் சக்கரத்துக்குக் கல் வைத்து, எஞ்சினைச் சில நிமிஷம் பாரமின்றி ஓடவிட வேண்டும். ஆவி வெளிவந்தால், அல்லது நீர் கொட்டியிருந்தால், உடனே அணைத்துவிட வேண்டும். சூடாக உள்ளபோது மூடியைத் திறக்கலாகாது. இறக்கத்தில் இக்கருவி எதுவும் சொல்லாது. எஞ்சின் குளிர்ந்திருக்கும், பிரேக் காய்ந்துகொண்டிருக்கும். டீசலை மிச்சம் பிடிப்பதாக எண்ணி நியூட்ரலில் இறங்குவோரை எந்த மீட்டரும் காப்பாற்றாது.

நிர்வாகக் குழு முடிவு செய்ய வேண்டிய விஷயம் மற்றொன்று. எஞ்சின் பிடித்துக்கொண்டால் பழி முதலில் டிரைவர் தலையில் விழுகிறது. சம்பளத்தில் பிடித்தமோ, வேலை இழப்போ அவருக்கு நேரலாம். அதே டிரைவர் மேட்டில் அரை மணி நேரம் நிறுத்திவிட்டுத் தாமதமாக வந்தால் அதற்கும் கடிந்துகொள்கிறோம். இந்நிலையில் எந்த டிரைவரும் எச்சரிக்கையைக் கேளாதவர்போல் ஏறிவிடவே துணிவார். ஆதலால் கருவி வாங்கும் தீர்மானத்திலேயே, எச்சரிக்கை ஒலித்து நிறுத்தியதால் நேரும் தாமதத்துக்காக ஓட்டுபவர் மீது எவ்வித நடவடிக்கையும் இல்லை என்று ஒரு வரி சேர்த்து நிறைவேற்ற வேண்டும். மிக உயர்ந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளும் வசதி கருவியில் இருந்தால், அது சங்கத்துக்குச் சாட்சியாவதைப் போலவே டிரைவருக்கும் சாட்சியாகும்.

பணம் கொடுக்குமுன் செய்ய வேண்டிய சோதனை எளிது. சொருகியில் படிக்கும் கருவியாயின், சங்கத்தின் வண்டியிலேயே செருகி, விற்பவர் சொன்ன ஒவ்வொரு விவரமும் வருகிறதா என்று காலையில் குளிர்ந்த எஞ்சினிலும் ஓட்டி வந்த பின்னும் பார்க்க வேண்டும். குளிர்ந்த எஞ்சினில் நீரின் உஷ்ணமும் உள்ளே வரும் காற்றின் உஷ்ணமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். தனிச் சென்சாராயின், டயலோடும் பாட்டரியோடும் இணைத்து, சென்சாரின் முனையைக் கொதிக்கும் நீரில் பிடித்துப் பார்க்கலாம். சமவெளியில் 100ஐ ஒட்டிக் காட்டினால் ஏற்றுக்கொள்ளலாம். தாளவாடி போன்ற மேட்டுப் பகுதியில் சோதித்தால் சில டிகிரி குறைவாகவே காட்டும். அது கருவியின் குற்றமன்று.